எந்த ஷெல் என்று யாரும் சொல்லவில்லை

எழுபதுகளின் கடைசியில், கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஓர் ஆய்வு நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். செக்போஸ்ட்டில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றாலே இறங்கி நடக்கலாமா என்று தோன்றும்.

அந்த மாதம் இன்னும் மோசம். வீட்டில் எனக்கு வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்ய நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை யார் என்ற பேச்சே எழவில்லை. பெருமாட்டியில் தாய்மாமன் மகன் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் முறைப்பையன் இருந்தால் அவன்தான். வேண்டாமென்றால்தான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போய்விடும் என்று பயந்து நான் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வேலை கிடையாது என்பதும் பேசாமலே முடிவாகியிருந்தது.

அப்போதுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எங்கள் சிஸ்டத்தின் புதுப் பதிப்பு காந்த டேப்பில் வந்தது. மூல நிரலும் கூடவே வரும். பிரித்துப் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றலாம். அதில் புதிய ஷெல் ஒன்று இருந்தது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயந்திரத்துக்குப் புரியவைக்கிற நிரல்தான் ஷெல். பழையதையும் வைத்துக்கொள்ளலாம். ஆள் வந்து உட்கார்ந்ததும் தானாக எது வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் என்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார் மேலதிகாரி.

பயனர் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி. அதன் கடைசியில் தனக்கு வேண்டிய ஷெல்லின் பெயரை எழுதிக்கொள்ளலாம். காலியாக விட்டால் சிஸ்டம் கொடுப்பதுதான். பதினோரு பேரில் ஒன்பது பேர் காலியாக விட்டிருந்தார்கள். எனக்குப் புதியதன் மேல் கொள்ளை ஆசை. முன்பு பத்து வரியில் எழுதியது அதில் மூன்று வரியில் முடிந்தது. வெள்ளிவரை யார் காத்திருப்பது? புதன்கிழமை மாலையே மாற்றிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் மூத்த ஆபரேட்டர் எனக்காக வாசலிலேயே நின்றிருந்தார். மில்களிலிருந்து வரும் நூலின் வலிமைச் சோதனைகளை ஓட்டுபவர். மூன்று வருஷமாக அவர் எழுதிச் சேர்த்த கட்டளைக் கோப்புகள் எல்லாம் பழைய ஷெல்லில் வேறு வரிக்குத் தாவச் சொல்லும் ‘goto’வை நம்பியவை. புதியதில் அந்தக் கட்டளையே இல்லை. ஒன்றுகூட ஓடவில்லை.

“ஏனம்மணி, மாத்தறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“நீங்கதான் ஒண்ணுமே சொல்லலீங்களேண்ணா. காலியாத்தானே உட்டிருந்தீங்க.”

“சொல்லலீன்னா செரீன்னு அர்த்தமுங்களா?”

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே பழையதைத் திரும்ப வைத்தேன். பிறகு ஒன்பது பேரிடமும் ஒவ்வொருவராகப் போய் எது வேண்டும் என்று கேட்டேன். நான்கு பேர் புதியதைக் கேட்டார்கள். ஒருவர் தன் பெயரில் அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது என்றார்.

மாலை பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடம் கிடைத்தும் உட்காராமல் ஊர்வரை நின்றுகொண்டே வந்தேன். அப்பா தோட்டத்தில் கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சேற்றில் இறங்கினேன்.

“ஏனுங்கப்பா, மாமன் பையனக் கட்டிக்க எனக்குச் சம்மதமான்னு நீங்க கேக்கவே இல்லீங்களே.”

“நீ ஒண்ணும் சொல்லலையே கண்ணு. செரின்னுதான் இருந்தோம்.”

“நீங்க கேப்பீங்கன்னு இருந்தேனுங்க.”

அப்பா மண்வெட்டியை வரப்பில் சாத்தினார். தண்ணீர் பாத்தி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் மடையைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் பெருமாட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போய் என்னவென்று சொல்வது என்று யோசித்திருப்பார்.

“செரி, இப்பக் கேக்கறேன். உனக்குச் சம்மதமா?”

“இல்லீங்கப்பா” என்றேன்.