பாலன் பாதம்

சென்ற செவ்வாய் காலை கோயிலின் துக்க மணி தாறுமாறாக அடித்தது. இரண்டு அடி நெருக்கமாக, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அதை ஒழுங்காக அடிக்கத் தெரிந்தவர் உபதேசியார் சூசைப்பிள்ளை ஒருவர்தான். ஆகவே, போனது யாரென்று எவரும் வந்து சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் குரலின் லட்சணமும் தெரியும். பாட்டு வராது, பாடாமலும் இருக்கமாட்டார். அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நான் முதலாள். கோபம் வந்தால் என் வாய் அடங்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒருநாள் அந்தக் கோபத்தை அவர்மீதே கொட்டினேன்.

துறைமுகத்தில் குண்டு விழுந்த வருடத்து நத்தார் அது. குண்டுக்குப் பயந்து என் மனைவியை மூதூரில் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அங்கே பிறந்த மகளுக்கு மூன்று மாதமாகியும் நான் அவள் முகம் பார்க்கவில்லை. துறைமுகக் களஞ்சியத்துக் கிளாக்கருக்கு லீவு அவ்வளவு அருமை. ஒருவழியாக ஐந்து நாள் கிடைத்தபோது நகரில் பெரியம்மை பரவியிருந்தது. என் அறையில் கூட இருந்தவரை ஒரு கிழமைக்கு முன்தான் நோயாளிகளை ஒதுக்கிவைத்த அம்மைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள்.

நத்தாரன்று கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்ததும் தொழுவத்துப் பாலன் சுரூபத்தின் பாதத்தை வரிசையில் வந்து உதட்டால் தொட்டு முத்திசெய்வது நம் வழக்கம். அந்த வருடம் உபதேசியார் பங்குச் சுவாமியிடம் பேசி அதை நிறுத்தினார். சுரூபத்தை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, "தூர நிண்டு கும்பிடுங்கோ. பாலன் கோவிக்கமாட்டார்" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். நான் அவருக்காக வாதாடினேன்.

வாதாடிய கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து இறங்குதுறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐசே, பாலன்ர காலை முத்திசெய்யாமல் விட்டனீர். உம்மட பிள்ளையின்ர காலை முத்திசெய்யாமல் விடுவீரோ?"

"எனக்குக் காய்ச்சல்கூட இல்லை. பிள்ளைகுட்டி இல்லாத உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை.

"ஓம், எனக்குத் தெரியாது. பயமாக் கிடக்கு, அவ்வளவுதான். மாட்டுக் கொட்டில்ல நடந்த முதல் நத்தாருக்கும் சொந்தக்காரர் ஒருத்தரும் வரேல்லை. அந்தப் பிள்ளைக்கு அதாலை ஒரு குறையும் வரேல்லை."

லோஞ்சு என்னை ஏற்றாமலே போய்விட்டது. மகளுக்கு வாங்கிய சட்டையைக்கூட அவர் அனுப்ப விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரை விட்டு அறைக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். சிறுவயதில் அம்மை கண்டு தப்பியவர் என்பதால் அவரே கொட்டிலுக்கு வந்து கஞ்சி பருக்கினார். "சொன்னனான்தானே" என்று ஒருநாளும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "கஞ்சியைக் குடியும்" என்றார். பக்கத்தில் இருந்து பாடவும் பாடினார். நிறுத்தச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மாசியில்தான் மூதூர் போனேன். தழும்பு விழுந்த முகத்தைக் கண்டு மகள் வீரிட்டு அழுதாள். இப்போது அவளுக்கு இரண்டு வயது. அதே தழும்புகளில் விரல் வைத்து விளையாடுகிறாள். அவள் கன்னத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. உபதேசியாரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கன்னம்தான்.

அடக்கத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியை மூடுமுன் அவளைக் குனியவைத்து, அவர் பாதத்தை முத்திசெய்யச் சொன்னேன். செய்தாள்.