பேச வேண்டாத வியாபாரம்

கொண்டையை இறுக்கி, அதன்மேல் துண்டைச் சுற்றி, முந்தானையை இடுப்பில் செருகி, செருகியது நழுவுகிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் சொர்ணாம்பாள் சுவிட்சில் கை வைப்பாள். வைத்த கையை எடுத்துவிடுவாள். பெல்ட் ஓடும் மூலையில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள். ஆள் நிற்க இடமே இல்லாத மூலை அது. மறுபடி முந்தானையை இழுத்துப் பார்ப்பாள். தகர டின்னும் தூக்குமாக வாசலில் காத்திருக்கும் பெண்களில் ஒருத்தி, "என்னாக்கா, மிஷினுக்கு நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிடுவாள். கேள்வி காதில் விழுந்ததுமே கை தானாகச் சுவிட்சைத் தட்டிவிடும். காரைக்கால் பக்கம் தலத்தெருவில் இருக்கும் அந்த ஒற்றை அறை மாவு மில் தினமும் இப்படித்தான் ஓடத் தொடங்கும்.

பெல்ட்டுக்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. புடவைத் தலைப்பைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆனால் சொர்ணாம்பாளின் பெரிய பயம் பெல்ட் அல்ல, மனிதர்கள். யாராவது குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போதும், தப்பு அவர்கள் பேரில் இருந்தாலும் முகம் வெளுத்துப் போவது இவளுக்குத்தான். ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா போவணும், சட்டுனு சொல்லு" என்று அதட்டியதில் கோட்டுச்சேரி என்ற பேர் வாயில் வராமல், "கடைசி வரைக்கும்" என்று சொல்லி டிக்கெட் வாங்கிவிட்டாள். கோட்டுச்சேரி வந்தபோது எழுந்திருக்கவும் பயம். கடைசி ஊரில் இறங்கி வெயிலில் நடந்தே திரும்பி வந்தாள்.

இப்பேர்ப்பட்டவள் வியாபாரத்துக்கு வந்தது வேறு வழி இல்லாமல்தான். புருஷன் பஞ்சநாதன் நெடுங்காட்டில் குத்தகைக்கு நெல் போட்டவர். ஒரு வருஷம் களத்தில் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, பிடித்தது விடவே இல்லை. வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டுக் குடும்பம் தலத்தெருவுக்கு வந்தது. அது எழுபத்தேழோ எட்டோ. கையில் இருக்கும் முதல் கரைவதற்குள் ஏதாவது ஒரு தொழில் பிடிக்க வேண்டும். செய்ய வேண்டியவள் சொர்ணாம்பாள். யோசனை சொல்ல ஊரே இருந்தது.

கொழுந்தன் சுப்ராயன் அடித்துச் சொன்னான். "அண்ணி, எல்லைக்கு அந்தப் பக்கம் பூரா மதுவிலக்கு. பஸ்ஸேறி நம்மூருக்குத்தான் வர்றானுவொ. சாராயக்கடை வாசல்ல சுண்டலும் மீன் வறுவலும் போடுங்க, பறந்துபோவும்." குடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சுண்டல் மடித்துக் கொடுப்பதை நினைத்தே அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாத்தனார் லோகாம்பாள், வீடு வீடாகப் போய்ப் புடவை விற்கலாம் என்றாள். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதா? கடைசியில் வீட்டு வாசலிலேயே இட்லி போட்டாள். ஒரு காலைதான் ஓடிற்று. சாப்பிட உட்கார்ந்தவர் "சட்னி ஏன் தண்ணியா இருக்கு?" என்று சும்மாதான் கேட்டார். உள்ளே போனவள் அவர் எழுந்து போகிறவரை வெளியே வரவில்லை. மீந்த இட்லியை மூன்று வேளையும் குடும்பமே தின்று தீர்த்தது.

அதற்கடுத்த வாரம் அரிசி அரைக்க மில்லுக்குப் போனாள். பழைய மில், விலைக்கு வந்திருந்தது. மோட்டார் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. நைசாக வேண்டுமென்றால் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக் காட்டினார்கள், ரவையாக வேண்டுமென்றால் உள்ளங்கையில் எதையோ உருட்டிக் காட்டினார்கள். மில்காரர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் வியாபாரம். சொர்ணாம்பாளுக்குக் கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. தன் அரிசி அரைபட்ட பிறகும் ஓரமாக நின்றுகொண்டே இருந்தாள்.

"மிஷினு ஆளையே இழுத்துப்புடும்டி. ஒனக்கு பயமா இல்ல?" என்று கேட்டார் பஞ்சநாதன்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா பெல்ட்டு நம்மள ஒண்ணும் கேக்காதுங்க."

மில் அவளுக்கு ஒத்துப்போயிற்று. வாயில் துணி கட்டி, புருவமெல்லாம் மாவாக நிற்கும் அவளிடம் பேச்சை எதிர்பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் கோளாறு. கரண்டு போய்விடும். பெல்ட் தடதடத்து ஓய்ந்ததும் அறையில் திடீரென்று எல்லோருக்கும் வாய் முளைத்துவிடும். எப்ப வருமாம், எனக்கு முன்னாடி யாரு, போன தடவை ஏன் கொறகொறன்னு இருந்துச்சு? அத்தனைக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். மோட்டாருக்கு எண்ணெய் போடுகிற பாவனையில் குனிந்துகொள்வாள். கரண்டு வரும்வரை நிமிர மாட்டாள். அத்தனை எண்ணெய் குடித்த மோட்டார் காரைக்கால் வட்டாரத்தில் வேறு இருக்காது.

இருப்பது ஒரே மிஷின். அதனால் அரிசி, கேழ்வரகு, கடலையெல்லாம் காலையில், மிளகாய் கடைசியாக. மிளகாய் அரைத்தால் கல்லில் காரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்தெடுக்க, தன் வீட்டுக் குருணையை ஒரு தட்டு கொண்டுவந்து ஓட்டிவிட்டுத்தான் அடுத்தவர் தானியத்தைத் தொடுவாள். சிவந்து வரும் அந்த மாவைக் குப்பையில் கொட்டுவாள்.

ஒரு மாசி மாதம் கல்யாண வீட்டுக்காரர்கள் காலையிலேயே மிளகாய் மூட்டையை இறக்கிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. அந்த நேரம் பார்த்து வடிவாம்பாள் வந்து சேர்ந்தாள். மேலத்தெரு முனையில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு குரல். அவள் தங்கை பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டப் பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்குமாக ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"புள்ளைக்கு எண்ணெ தேச்சாச்சு. தண்ணி ஊத்த செல்லம் வந்து உக்காந்துருக்கா. கரண்டு வந்த ஒடனே எனக்குப் போட்டுருங்க, ஆமா."

சொர்ணாம்பாள் மோட்டாருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். கரண்டு வந்தது. மிளகாய் முடிந்தது. "நிக்கிறீங்களே என்னா, போடுங்க!" என்ற குரல் மோட்டார் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது. தூக்கு அவள் நெஞ்சில் இடித்தது. வாங்கிக் கொட்டினாள். மஞ்சள் மாவு சூடாக விழுந்தது. வடிவாம்பாள் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஆளின் அரிசியைத் தூக்கும்போதுதான் சன்னலோரம் கண் போயிற்று. குருணைத் தட்டு காலையில் வைத்தபடியே இருந்தது.

மிளகாய் ஓட்டிய கல்லில் பிள்ளைக்குப் போடும் மாவு. அதைத் தலையில் தேய்த்து, முகத்தில் தேய்த்து, தண்ணீர் ஊற்றினால் கண்ணில்தான் வழியும். போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பிள்ளைக்கு மிளகாய் போட்டுக் கொடுத்தவள் என்று பேராகும். மில்லைப் பூட்டிச் சாவியை மாட்ட வேண்டியதுதான். அதைவிட, வடிவாம்பாள் எதிரில் நின்று வாயைத் திறக்க வேண்டுமே. கொஞ்சம்தான் ஒட்டியிருக்கும், ஒன்றும் ஆகாது என்று மனசு சொல்லிப் பார்த்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, வாய்த்துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள். பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது. வழியெல்லாம், பிள்ளை அழும் சத்தம் வருகிறதா என்றே காது கொடுத்துக்கொண்டு ஓடினாள். வராதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

வடிவாம்பாள் வீட்டுக் கொல்லையில் செல்லம் காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவள். எண்ணெய் மினுங்க அவள் காலில் கிடந்தது பிள்ளை. பக்கத்துக் கிண்ணத்தில் மாவு குழைத்துத் தயாராக இருந்தது.

"வேண்டாம்" என்றாள் சொர்ணாம்பாள். துணிக்குள்ளிருந்து அது வெளியே வரவில்லை. துணியைப் பிடுங்கிப் போட்டாள். "வேண்டாங்க. மாவு... மொளகா..."

"என்னா மொளகா?" வடிவாம்பாள் வெந்நீர்ச் சொம்போடு திரும்பினாள். "கஸ்தூரி மஞ்ச வாசம் கும்முனு அடிக்குது. நல்ல மாவ வந்து கொறை சொல்றீங்க! செல்லம், ஒனக்கு ஏதாச்சும் நெடி தெரியுதா?"

செல்லம் மூக்குப்பொடி போடுகிறவள். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே" என்றாள். "தண்ணி ஆறுது, புள்ளைக்கு சளி புடிச்சுக்கும்." அவள் விரல்கள் கிண்ணத்துக்குள் போயின.

சொர்ணாம்பாளுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தெரிந்தது. கரண்டு போனது, கல், குருணைத் தட்டு. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "என்னான்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று வடிவாம்பாள் கத்தினாள். செல்லத்தின் கை பிள்ளையின் நெற்றிக்கு மேலே வந்துவிட்டது.

சொர்ணாம்பாள் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். அதிலிருந்த மாவை இரண்டு விரலால் வழித்துத் தன் கண்ணுக்குள் அப்பினாள். பிறகு, மூடப் பார்த்த இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு, சிவந்து வழியும் அந்தக் கண்ணைச் செல்லத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.