'கை' என்று ஒட்டியிருந்த சுவிட்ச்

எங்கள் செருப்புப் பட்டறையில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவள் நான்தான். வைத்த வாயாலேயே சொல்கிறேன், அவளைப் போல ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. நானெல்லாம் கோபம் வந்தால் ஊரைக் கூட்டிவிடுவேன், சாயங்காலம் மறந்தும் போவேன். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். உள்ளுக்குள்ளேயே வைத்திருப்பாள்.

பட்டறைக்குச் சீனாவிலிருந்து புது பிரஸ் வந்தது. ரப்பர் ஷீட்டை வைத்து, மேலே அச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால் மேல்தகடு 'தம்' என்று இறங்கிச் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டும். சுவிட்ச் பலகை முழுக்கச் சீன எழுத்து. எங்கள் சூப்பர்வைசர் மூன்று மாதம் சீனாவில் பயிற்சிக்குப் போய்வந்தவர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை, அதனால் நாங்கள் அவரையே சீனாக்காரர் என்போம். அவர் தமிழில் ஸ்டிக்கர் எழுதி ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஒட்டினார். திருகும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் இடப்பக்கம் 'தானா' என்றும் வலப்பக்கம் 'கை' என்றும் ஒட்டினார். வேலை நடக்கும்போது 'தானா'வில் இருக்கவேண்டும் என்றார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சார், தானான்னு ஒட்டியிருக்கீங்க, ஒவ்வொரு தடவையும் பட்டனை நாமதானே அமுக்குறோம்?" என்றேன்.

"அமுக்கினதும் தானா இறங்குதில்ல? அதான் தானா. சீனாக்காரன் மெஷின் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் அச்சுக்குள் ரப்பர் துண்டு சிக்கிக்கொண்டது. பிரஸ்ஸில் நின்றவள் அவள். சீனாக்காரர் தன் மேசையிலிருந்தே கத்தினார்: "சுவிட்சைக் 'கை'க்குத் திருப்பிட்டு எடும்மா, ஒண்ணும் ஆகாது!" அவள் திருப்பினாள். கையை உள்ளே விட்டாள். பட்டனை யாரும் தொடவில்லை. தகடு இறங்கியது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்புவதற்குள் விபத்துப் பதிவேட்டில் சீனாக்காரர் எழுதி முடித்துவிட்டார்: 'பணியாளரின் கவனக்குறைவு. முழங்கை பட்டனில் பட்டுள்ளது.' திருப்பச் சொன்னதே தான் இல்லை என்று சாதித்தார். முதலாளி அதை நம்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் புருஷனும் நம்பினான். "பார்த்து வேலை செஞ்சிருக்கலாம்ல" என்று என் எதிரிலேயே சொன்னான். அவளைப் பெட்டி ஒட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். பிரஸ்ஸுக்கு என்னை நிறுத்தினார்கள். சுவிட்ச்மேல் டேப் ஒட்டி, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

அப்போதுதான் அவள் சீனம் படிக்க ஆரம்பித்தாள்.

மகளின் பழைய கணக்கு நோட்டு, கட்டம் போட்டது. கட்டத்துக்கு ஓர் எழுத்து, இடது கையால். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் யாரோ ஒரு டீச்சர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் போடுவாள். முதல் நாள் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. "இவ்வளவுதானா சீனம்!" என்று நான் சிரித்தேன். நான்கு வந்ததும் கோட்டை விட்டுவிட்டுப் பெட்டியாகிவிட்டது, நான் எழுந்து போய்விட்டேன். அவள் விடவில்லை. காலை அகட்டி நிற்பது போல இருந்தால் ஆள். அந்த ஆளே கையை விரித்தால் பெரிது. இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு. கோடுகளை இன்ன வரிசையில்தான் போடவேண்டும், மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். வரிசை தப்பினால் கட்டத்தை அடித்துவிட்டு மறுபடி போடுவாள். இடது கை அவள் சொன்னதைக் கேட்கப் பதினைந்து நாள் ஆனது.

"கை போன நேரத்துல உனக்கு எதுக்குடி இந்தக் கிறுக்கல்?" என்று கேட்டேன்.

"அந்த ஆளு வாயால 'என் தப்பு'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும் அக்கா. வேலையை விட்டுப் போக வேணாம், காசும் வேணாம். சொல்லணும். அதை அதே பதிவேட்டுல எழுதணும்."

ஆறாவது வாரம் ஒரு மதியம் பிரஸ் பக்கத்தில் வந்து நின்றாள். டேப்புக்கு இரண்டு பக்கமும் இருந்த எழுத்துகளைப் பார்த்தாள், உதடு அசைந்தது. பிறகு என்னிடம், "அக்கா, ரப்பர் சிக்கினா மெயினை அணைச்சிட்டுத்தான் கையை வைக்கணும். உங்க பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன், திரும்பிப் பெட்டி ஒட்டப் போய்விட்டாள். தினமும் காலையில் வந்து அந்த டேப்பை ஒரு முறை அழுத்திவிட்டுப் போவாள். ஊமைக்கோட்டான் என்று சும்மாவா பெயர் வைத்தேன்!

ஐந்தாவது மாதம் இரண்டாவது பிரஸ் வந்தது. அதைப் பொருத்திக்கொடுக்கச் சீனாவிலிருந்தே ஒரு மெக்கானிக் வந்தார். முதலாளி நின்றார், நாங்கள் பதினெட்டுப் பேரும் நின்றோம். சீனாக்காரர் கையில் புது ஸ்டிக்கர்கள். மெக்கானிக் ஏதோ சொல்ல, இவர் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "சார், பழைய மெஷின்ல ஒட்டினது எல்லாம் சரிதானே?"

"மூணு மாசம் அங்க இருந்தவன்மா நான். நீ போய்ப் பெட்டியை ஒட்டு."

"அப்ப சுவிட்சைக் 'கை'க்குத் திருப்பிட்டு உங்க கையை உள்ள வைங்க சார். பட்டனை யாரும் தொட மாட்டோம். ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

முதலாளிக்கு எரிச்சல். "இவ வாயை அடைக்கவாவது வைச்சிக் காட்டிட்டு வாய்யா" என்றார்.

சீனாக்காரர் சிரித்துக்கொண்டே டேப்பைக் கிழித்தார். சுவிட்சைத் திருப்பினார். உள்ளங்கையை அச்சின்மேல் பரப்பி வைத்து, முதலாளி பக்கம் முகத்தைத் திருப்பி, "பார்த்தீங்களா சார், இதுங்களுக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தார். அவள் இடது கை, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டன்மேல் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களும் புடவையைப் பிடித்திருந்தன. அவள் உதடு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது.

தகடு இறங்கியது. மெக்கானிக் அலறிக்கொண்டு ஓடி வந்தார். அவள் அமுக்கினாள்.

தகட்டுக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நுழையும், அவ்வளவுதான் இடம். சீனாக்காரர் கையை இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேயறைந்த முகம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

அவள் யாரிடமும் கத்தவில்லை. 'தானா' ஸ்டிக்கருக்கு மேலிருந்த எழுத்தில் விரலை வைத்தாள்: 手. "இது கை." 'கை' ஸ்டிக்கருக்கு மேலிருந்ததில் வைத்தாள்: 自. "இதுதான் தானா. இந்தப் பக்கம் திருப்பினா எட்டு விநாடிக்கு ஒரு தடவை தானா இறங்கும்னு பலகையிலேயே எழுதியிருக்கு. மாத்தி ஒட்டியிருக்கார்." முதலாளி மெக்கானிக்கைப் பார்த்தார். அவருக்கு நம் பேச்சு எங்கே புரியும்? முதல் எழுத்தைக் காட்டித் தன் கையைத் தூக்கிக் காட்டினார், பிறகு ஸ்டிக்கர் இரண்டையும் பிய்த்துக் கீழே எறிந்தார்.

"என் தப்பு" என்றார் சீனாக்காரர். காற்றுதான் வந்தது.

"எல்லாருக்கும் கேக்கணும் சார்."

இரண்டாம் முறை கேட்டது. பதிவேடு வந்தது. 'கவனக்குறைவு' என்ற வரிக்குக் கீழே, யார் தவறு என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோழி கிளறிய மாதிரி எழுத்து, அவள் இடது கை எழுத்து எவ்வளவோ மேல்.

சாயங்காலம் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அடி பாவி! உனக்கு மூணு மாசமா தெரியும். என்னை அந்த மெஷின்ல நிக்க விட்டுட்டு இந்த நாளுக்காகக் காத்திருந்தியா?"

"உங்ககிட்ட சத்தியம் வாங்கினேனே அக்கா."

"சரி, அந்த ஆளு கையாவது? எட்டு விநாடின்னு சொன்ன. அரை விநாடி தாமதமாகியிருந்தா?"

அவள் கையிலிருந்த பசையைத் தேய்த்துக் கழுவினாள், முதலில் ஐந்து விரல், பிறகு மூன்று விரல்.

"ஆகியிருந்தா என்ன அக்கா? கவனக்குறைவுன்னு எழுதியிருப்பாங்க."