ராகுகாலத்துக்கு முன் லினக்ஸ்

திண்டிவனத்தில் பேருந்து நின்றதும் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாசனை ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரருக்கு நாக்கில் நீர் ஊறியது. நான் ஜன்னலைச் சாத்தினேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் கறுப்புத் திரையும் அதில் கண்சிமிட்டும் வெள்ளைக் கோடும்தான் ஞாபகத்துக்கு வரும்.

பல வருடங்களுக்கு முன் இதே ஊரில் ஒரு மல்லாட்டை மண்டியின் மாடியில்தான் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் முதலாளி ஏகாம்பரம், கணக்குப் பார்க்கும் ஸ்டெல்லா, விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்துபோகும் நான், அப்புறம் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மண்டிகளுக்கு எடைச்சீட்டு போடும் மென்பொருளை அதில் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். நகல் கிடையாது. பென்டிரைவ் வாசலைத் தாண்டினால் சரக்கு விழுப்புரத்துப் போட்டிக்காரருக்குப் போய்விடும் என்று முதலாளிக்குப் பயம்.

அதில் இருந்த திருட்டு விண்டோஸ், வைரஸ் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தது. "புரோகிராம் எழுதறவன்லாம் இப்ப விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்தாங்க, காசே வேணாம்" என்றேன் ஒருநாள், பிறந்ததிலிருந்து அதிலேயே தவழ்ந்தவன் போல. நான் பார்த்திருந்ததோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த அதன் சிடி உறையை மட்டும்.

"ஓசியா? அப்பப் போடுய்யா" என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை காலை மானிட்டருக்குச் சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம். சிடியைப் போட்டேன். பழையதை ஓரமாக வைத்துக்கொண்டு போடவா, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போடவா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் கேட்டது. முதுகுக்குப் பின்னால் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா படிச்சிக்கினு கீற? ராகுகாலம் வந்துடும், ஜல்தி அமுக்குய்யா."

அமுக்கினேன். நல்ல நேரத்தில் எல்லாம் அழிந்தது. என் இரண்டு வருட மென்பொருள் போன இடத்தில் கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் வெள்ளைக் கோடும்தான் மிச்சம்.

மதியம்வரை தேடினேன். தேடினேன் என்பது கௌரவமான சொல். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். ஸ்டெல்லா மல்லாட்டை உரித்துக்கொண்டே, "கீழ மூட்டைல பாத்தீங்களா சார், அங்க எங்கனா கொட்டிக்கினு இருக்கப் போவுது" என்றாள்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. போன வாரம் விழுப்புரம் ஸ்டேஷனில் நான் அந்தப் போட்டிக்காரரோடு டீ குடித்ததை யாரோ அவரிடம் ஓதியிருந்தார்கள்.

"அவனுக்குக் குடுத்துட்டு இங்க அழிச்சிட்ட. இல்லன்னா திருவாமாத்தூர் வட்டப்பாறையாண்ட வந்து சத்தியம் பண்ணு."

விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கோயில் பாறை அது; அங்கே பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டும் என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

காரில் ஏற்றினார். சாட்சிக்கு வந்த ஸ்டெல்லா பின்சீட்டிலிருந்து, "பாம்பு வந்தா எந்த பட்டன அமுக்கணும்னாவது தெரியுமா சார்?" என்றாள். நானும் சிரித்தேன், காலைச் சீட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு.

திருடவில்லை என்று சத்தியம் செய்ய எனக்கென்ன பயம்? பயமெல்லாம் அடுத்த கேள்வியில் இருந்தது. பின்னே ஏன் அழித்தாய்? உண்மையைச் சொன்னால் வேலை போகும், பொய் சொன்னால் உயிர் போகும். டீக்கடையில் பகுத்தறிவு பேசித் திரிந்தவன்தான் நான். பாறைக்கு முன்னால் நின்றபோது சுவரில் ஒரு பல்லி அசைந்தது. அவ்வளவுதான்.

"திருடலீங்க. எனக்கு லினக்ஸே தெரியாதுங்க. எத்த அமுக்கினேன்னும் தெரியாதுங்க."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"திருடனா இருந்திருந்தாக்கூட வெச்சிருப்பேன்யா, கெட்டிக்காரன்னு. உன்ன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

திரும்பும் காரில் எனக்கு இடமில்லை. ஸ்டெல்லா கண்ணாடியை இறக்கி டாட்டா காட்டினாள்.

அப்புறம் வேறு ஊர், வேறு வேலை. லினக்ஸை நிஜமாகவே கற்றுக்கொண்டேன். இன்றுவரை அதில்தான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் ஏதாவது அழிந்தால் யார், எப்போது, எந்தக் கட்டளையால் அழித்தார் என்று இயந்திரமே எழுதி வைத்துவிடுகிறது. போன மாதம் என் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் அப்படி மாட்டினார். யாரும் அவரைத் திட்டவில்லை, எங்கேயும் கூட்டிப்போகவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. மதியத்துக்குள் அவருடைய பாஸ்வேர்டு வேலை செய்யாமல் போயிற்று, வேலையும்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு எதிரே ஒரு முகம்கூட இல்லை.