பேன்ட்ரி டேப்லெட்டில் கேட்ட கேள்வி

மும்பை செம்பூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மாட்டுங்காவில் கல்லூரி முடித்தேன். காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாராவியில் எங்கள் சந்து வழியாகப் போகும்போது நிமிர்ந்துதான் நடப்பேன். அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

என் வேலை என்ன என்று சந்தில் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஆபீஸிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போவதெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போகிறது. வழியில் யாரும் பார்க்க முடியாது. ஆனால் வைரஸும் அதே மாதிரிப் பெட்டிக்குள்தான் வரும், கம்பெனி ரகசியமும் அதே மாதிரிப் பெட்டிக்குள்தான் வெளியே போகும். அதனால் வாசலில் ஒரு கருவி வைத்திருக்கிறோம். அது பெட்டியைத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டி அனுப்பும். ஆகாத தளமாக இருந்தால் தடுத்துவிடும், பார்த்ததைப் பதிவும் செய்துகொள்ளும்.

எதையெல்லாம் திறக்கக் கூடாது என்ற பட்டியலை எழுதியது நான். வங்கித் தளங்களையும் மருத்துவத் தளங்களையும் கருவி தொடாது. தேடல் பக்கத்தை மட்டும் அப்படி விட முடியாது, எல்லா வம்பும் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் தேடலில் நோய் பற்றிய சொல் வந்தால் அந்த வரியைப் பதிவில் மறைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். அதற்காக ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றிலும் சொற்களைத் திரட்டினேன். நல்ல வேலை என்று மேனேஜர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு புதன்கிழமை மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டீ, சாப்பாடு ஆர்டர் எடுக்கப் பேன்ட்ரியில் ஒரு டேப்லெட் உண்டு. மூன்று நாட்களாக மூன்று மணி வாக்கில் அதிலிருந்து சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட வரிகள் வெளியே போவதாகக் கருவி எச்சரித்திருந்தது. வாடிக்கையாளர் விவரத்தை யாரோ குறியீடாக மாற்றிக் கடத்துகிறார்கள் என்பது அவர் சந்தேகம். பேன்ட்ரி ஆட்கள் கான்ட்ராக்டில் வருபவர்கள். யார் என்று ஐந்து மணிக்குள் அறிக்கை கொடு, நாளையிலிருந்து அந்த ஆள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

வரிகளைப் பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வந்தன. இணைய முகவரிக்குள் போனால் தமிழ் எழுத்து அப்படித்தான் ஆகும். என் இடத்துக்கு வந்து மாற்றிப் பார்த்தேன்.

மார்ல கட்டி இருந்தா வலிக்குமா.

வலிக்காத கட்டி கெட்டதா.

லீவு போடாம ஆஸ்பத்திரில காட்ட முடியுமா.

இவை விரலால் எழுதியவை அல்ல, மைக்கை அழுத்தி வாயால் கேட்டவை என்று பேச்சு நடையே சொன்னது; அப்படிக் கேட்டால் டேப்லெட் பதிலையும் வாசித்துச் சொல்லும். மூன்று மணிக்குப் பேன்ட்ரியில் தனியாகக் கப் கழுவுவது யார் என்று நான் விசாரிக்க வேண்டியதில்லை. எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கும் சித்தி. எழுதப் படிக்கத் தெரியாது, கையில் இருப்பது பொத்தான் போன். இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டதே நான்தான்.

நான்காம் வகுப்பிலிருந்து சந்தின் காகிதங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். ரேஷன் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம். அதற்கென்று ஒரு முறை உண்டு. கொடுத்தவர் எதிரில்தான் வாசிக்க வேண்டும். வாசித்ததும் மடித்து அவர் கையிலேயே தர வேண்டும். அவராகப் பேசினால் ஒழிய அதைப் பற்றி அப்புறம் பேசக் கூடாது. அந்த முறையை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

இப்போது தராத காகிதத்தை வாசித்திருந்தேன். அந்தக் கட்டிடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று மொழிகளில் சொல் திரட்டியபோது தமிழ் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அது வீட்டில் பேசுவது, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வராது என்று எங்கோ முடிவு செய்திருக்கிறேன்.

மேனேஜரிடம் போனேன். கசிவு எதுவும் இல்லை, இது தமிழ், உடல்நலம் பற்றிய கேள்வி, நீங்கள் கையெழுத்துப் போட்ட கொள்கைப்படி இது பதிவாகியிருக்கவே கூடாது, விதியில் தமிழை விட்டது என் தப்பு என்றேன். யாருடைய கேள்வி, என்ன நோய் என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்றுதானே இந்த விதி என்றேன். நாளைக்கு ஏதாவது என்றால் யார் பொறுப்பு என்றார். நான் என்று எழுதிக் கையெழுத்திட்டு அவர் மேஜையில் வைத்தேன். அதை எடுத்து டிராயரில் வைத்தார். பிறகு, "டீக் ஹை, மிட்டா தோ" என்று அந்தப் பதிவை அழிக்க அனுமதி கொடுத்தார்.

சித்தியின் வேலை தப்பியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டி அங்கேயேதான் இருந்தது. எங்கோ இலவச முகாம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் பேன்ட்ரிக்குப் போனேன். சித்தி கப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"சித்தி, நீங்க டேப்லெட்ல கேட்டது என் கண்ணுல பட்டுட்டு."

சித்தி கப்பைக் கீழே வைத்தார். "நான் உங்கிட்ட தரலியேட்டி. தராத காயிதத்த எப்படி வாசிச்ச?"

"மிஷின் பிரிச்சிட்டு சித்தி. எத மறைக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது நாந்தான். தமிழ மறந்துட்டேன்."

"தமிழ மறந்துட்டியோ. பெரிய மேடம்லா." சிரிக்காமல் சொன்னார். "வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றேன். மேனேஜரிடம் சொன்னதையும் சொல்லாததையும் விவரித்தேன். துடைத்த கப்பையே மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"சரி, வாசிச்சிட்டேல்லா. அப்ப நீயே சொல்லு. வலிக்கலன்னா கெட்டதா?"

"எனக்குத் தெரியாது சித்தி. நாளைக்குக் காலைல சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். உங்க சூப்பர்வைசர்ட்ட லீவு நான் பேசிக்கிடுதேன்."

போனோம். வரிசையில் நின்றோம். சோதனைக்காக இன்னும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் சித்தி என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. விதியைத் திருத்தினேன். தமிழ்ச் சொற்களை அகராதியிலிருந்து எடுக்கவில்லை. 'மேலுக்கு முடியல', 'நாள் தள்ளிப்போச்சு' என்று எங்கள் சந்தில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சேர்த்தேன். கருவியை விற்ற கம்பெனியில் யாராலும் அந்தப் பட்டியலை எழுதியிருக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை சித்தி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் மடித்த காகிதம்.

"இந்தா. இத நானா தாரேன். வாசி."

அவர் எதிரிலேயே பிரித்தேன். பயப்படும்படியான கட்டி இல்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும் என்று இருந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"ஏட்டி, அந்த டேப்லெட்ல இனிமே ஏதும் கேக்கலாமா?"

"உடம்பப் பத்தின்னா தாராளமா கேளுங்க சித்தி. இனி அது எனக்கே தெரியாது."