அத்தான் சேர்த்த கார் கம்பெனி ஐஸ்பெட்டிகள்

என் அக்காள் பூவம்மாவைக் கட்டியவர் துரைசாமி அத்தான். ஆர்ச்சர்ட் ரோட்டில் அமெரிக்கக் கார் விற்கும் ஷோரூமில் கார் துடைக்கிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் சாகும் வரைக்கும் அதே வேலைதான். காலையில் போனால் மாலை வரை மெழுகு போட்டுத் தேய்ப்பார். தேய்த்த கார் ஒன்றிலாவது உட்கார்ந்து பார்த்ததில்லை. டயர் வாங்கக்கூட நமக்கு வக்கில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆசைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

ஐம்பத்தாறு என்று நினைக்கிறேன். சாங்கி ராணுவ முகாமிலிருந்து சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், ஓடாத கரண்ட் ஐஸ்பெட்டி ஒன்றைக் குப்பையோடு வைத்துவிட்டுப் போனது. கெல்வினேட்டர். அதைச் செய்ததும் நாஷ் காரைச் செய்ததும் ஒரே கம்பெனி என்று ஷோரூமில் கணக்கெழுதும் கிராணி சொல்லித் தொலைத்தார். அங்கே பிடித்தது சனி. கார் வாங்க முடியாது, கார் கம்பெனிக்காரன் செய்த பெட்டியையாவது வைத்துக்கொள்ளலாமே என்று லாரி பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

பிறகு ஒரு பிரிஜிடேர் வந்தது. அது செவர்லே காருக்குத் தம்பியாம். அப்புறம் ஒரு கிராஸ்லி. அந்தக் கம்பெனி கார் செய்வதையே விட்டுவிட்டதாம், அதனால் மவுசு அதிகமாம். யாரிடத்தில் மவுசு என்று கேட்டால் பெட்டியைத் துடைக்கப் போய்விடுவார். சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்கும் நெய்னா முகம்மது, கதவுப்பிடியோ பெயர்த்தகடோ அகப்பட்டால் அத்தானுக்கென்று எடுத்து வைப்பார்.

அவர்களுடைய கெர்பாவ் ரோட்டு வீட்டின் பின்கட்டில்தான் பெட்டிகளுக்கு வைத்தியம் நடக்கும். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுப்பார். ஷோரூமில் மிஞ்சிய கார் பெயின்ட்டை அடிப்பார். அதன்மேல் கார் மெழுகு. முடித்தால் பெட்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம். உள்ளே குளிர்கிறதா என்பது வேறு விஷயம். அதற்கு ரோச்சோரிலிருந்து ஒரு சீனர் வந்து கேஸ் அடிக்க வேண்டும். அவர் பாடுபட்டும் மூன்றில் கெல்வினேட்டருக்கு மட்டும்தான் உயிர் வந்தது.

அக்காவுக்கு வாய் நீளம். "மனுஷன் காலை நீட்ட இடமில்ல, இந்த இரும்புக்கு மாளிகை கேக்குதா? என்னைக்காவது ஒருநாள் இதுக்குள்ளேயே உங்களை வச்சுப் பூட்டப் போறேன் பாருங்க" என்பாள். அத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு துணியும் மெழுகுமாகப் பின்கட்டுக்கு நழுவிவிடுவார். பிள்ளையில்லாத வீடு. அவள் ஏச்சுதான் அந்த வீட்டின் கலகலப்பு. ஆனாலும் அவருக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. இந்தப் பெட்டியைப் பார்த்து ஒரு தடவை அவள் நல்லது என்று சொல்ல வேண்டும். ஊரே மெச்சினாலும் அவருக்கு அது போதாது.

அறுபத்தொன்றில் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி என்றார்கள். தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும். மருந்தைக் குளிர்ச்சியான இடத்தில் வை என்றாள் நர்ஸ். அக்கா புட்டியை ஈரத்துணியில் சுற்றி, மண்பானையை ஒட்டி வைத்துக்கொண்டாள். ஒரு குறையும் இல்லை, திடமாகத்தான் இருந்தாள். அத்தானுக்குத்தான் பொறுக்கவில்லை.

"வீட்ல கெல்வினேட்டரை வச்சுக்கிட்டு யாராச்சும் பானையில வைப்பாங்களா லா? வெள்ளைக்காரன் மருந்துக்கு வெள்ளைக்காரன் பெட்டிதான் சரி."

நச்சரிப்பு தாங்காமல் அவளும் ஒத்துக்கொண்டாள். புட்டிகள் பெட்டியின் நடுத்தட்டில் ஏறின. சில மாதம் கழித்து ஒரு வெயில் நேரத்தில் பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கென்றே தேக்கா மார்க்கெட்டில் என் காய்கறிக் கடைக்கு ஓடிவந்தார். வெண்டைக்காய் வாங்க நின்றவர்களிடமும் சொன்னார்.

அறுபத்து மூன்று ஆயுத பூசை. ஷோரூமில் கார்களுக்கு எல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்தவர், வீட்டில் பெட்டிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசையன்று எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாது. ஆகவே கெல்வினேட்டருக்கும் ஓய்வு. பிளக்கைப் பிடுங்கி, கதவை அகலத் திறந்து வைத்து, சூடம் காட்டினார். மருந்து உள்ளேயே இருந்தது. மறுநாள் அக்கா புட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடேறிப் போச்சேங்க, கெட்டுப் போயிருக்குமோ?" என்று கேட்டாள்.

கேட்டது அத்தானுக்குச் சுருக்கென்று தைத்தது. பாடுபட்டு வாங்கிய நல்ல பெயராயிற்றே. போன குளிரை ஈடுகட்ட வேண்டும் என்று குளிரைக் கூட்டுகிற திருகியைக் கடைசி எண் வரைக்கும் திருப்பினார். புட்டிகளை நடுத்தட்டிலிருந்து எடுத்து, மேலே ஐஸ் பிடிக்கிற அறைக்குள் வைத்தார். கூடக் குளிர்ந்தால் கூட நல்லது என்பது அவர் கணக்கு. ராஜமரியாதை.

மருந்து கல்லாக உறைந்தது. வெளியே வைத்து இளகவிட்டுத்தான் அக்கா போட்டுக்கொண்டாள். உள்ளே திரிதிரியாக ஏதோ மிதக்கிறது என்று காட்டினாள். "குலுக்கிப் போடு, சரியாயிடும்" என்றார் அத்தான்.

அந்த வாரத்திலேயே அவளுக்கு அடங்காத தாகம். செம்பு செம்பாகக் குடித்தாள். பிறகு குடித்ததெல்லாம் வாந்தியானது. நாங்கள் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு நினைவில்லை. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. தமிழ் டாக்டர் ஒருவர் வந்து, ஊசி ஒழுங்காகப் போட்டாளா, மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

"ஐஸுக்குள்ளயே வச்சிருந்தேங்கய்யா. கெல்வினேட்டர்," என்றார் அத்தான். அந்த நேரத்திலும் பெயரைச் சொன்னார்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உறைஞ்சா அந்த மருந்து செத்துப் போயிடும்யா. இத்தனை நாளும் வெறும் தண்ணியத்தான் குத்தியிருக்காங்க. பேசாம பானைகிட்டயே விட்டிருக்கலாமே."

மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள். எனக்கு அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றால் என்ன என்றிருந்தது. தலைப்பிள்ளையாய்ப் பிறந்து என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒன்றையே சொன்னார். "நான்தான் கொன்னுட்டேன்." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. விதி முடிந்தது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்கள். நெய்னா முகம்மது வந்து தோளை அணைத்து, "ஆயுசு அவ்வளவுதான் தம்பி, மனசை விடாதீங்க" என்றார். மூன்று பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போகும்படி அவரிடம் அத்தான் சொன்னார். அவரும் மறுப்புச் சொல்லாமல் கூலியாட்களோடு வந்து எடுத்துப் போனார். பின்கட்டு காலியாகிவிட்டது. ஆறுதல் கேட்கக் கேட்க அத்தானின் முகம் செத்துக்கொண்டே வந்தது.

எல்லாரும் போனபின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது திட்டு மாப்ளே. உன் அக்காடா."

எனக்குத் தொண்டை வரைக்கும் வசவு இருந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்ததும், "விடுங்கத்தான்" என்றுதான் வாயில் வந்தது. சட்டையை விட்டுவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"ஒரு கரண்டி கீழே விழுந்தா அன்னைக்குப் பூரா ஏசுவா," என்றார். "இம்மாம் பெரிய தப்பு பண்ணிட்டு உக்காந்திருக்கேன். என்னை ஏச ஒரு ஆள் இல்லையே மாப்ளே."