கால் ஊன்றாத பந்தயம்

என் கையெழுத்து நேராக நிற்காது, எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். கம்பெனி பஸ் வரும் ரோடு வரை சைக்கிள்தான். சீக்கிரமே போய்விடுவேன், ஆனால் கூட்டத்தோடு நின்று பேசக் கூச்சம். அதனால் கொஞ்சம் தள்ளி, சைக்கிளை விட்டு இறங்காமல், காலையும் ஊன்றாமல் நிறுத்திப் பார்ப்பேன். ஹேண்டிலை லேசாகத் திருப்பி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் வண்டி நிற்கும். எதற்காக என்று கேட்டால் தெரியாது. நிற்கிற அந்த நேரம் உடம்பு முழுக்க விழித்துக்கொண்டிருக்கும்.

கம்பெனி விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். கடைசியாக வருபவர் ஜெயிப்பார், கால் தரையில் பட்டால் அவுட். கூட வேலை செய்பவர்கள் என் பேரைக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டிய பிறகும் நான் பாதி தூரத்தில் இருந்தேன். மிக்ஸி கிடைத்தது.

அடுத்த வருடம், முதல் பரிசு வாஷிங் மெஷின் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். துவைத்துத் துவைத்து என் மனைவிக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"உன்ன உட்டா யாருய்யா ஜெயிப்பாங்க? தெனம் பழகு," என்றாள்.

செல்போனில் நேரம் பார்த்துப் பழகினேன். நேற்றைவிடக் குறைந்தால் அன்று முழுக்க எரிச்சல். சில நாளில் சைக்கிளைத் தொடவே பிடிக்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்குச் சரியாகப் போக ஆரம்பித்தேன். எனக்கே புதிராக இருந்தது. அதே சைக்கிள், அதே ரோடு. ஒரு மெஷின் நடுவில் வந்ததும் எது போனது?

பந்தயத்தில் பாதி தூரம் வரை நான்தான் எல்லாருக்கும் பின்னால். பரிசு மேஜை ஓரக்கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தால் என் கால் தரையில் இருக்கிறது.

"ஏமண்ணா, பிரேக் ஃபெயிலா?" என்று தெலுங்கில் கேட்டார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, "மூஞ்ச இப்டி வச்சிக்கினு இருக்காத, சோறு துன்னு," என்றாள். அந்த வாரத்திலிருந்து போர்வை, பேண்ட் எல்லாம் நான் துவைக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, பஸ் லேட். ரோட்டைத் தாண்டி எருமைகள் போய்க்கொண்டிருந்தன. கடைசி எருமை போன பிறகுதான் என் இரண்டு காலும் பெடலிலேயே இருப்பது தெரிந்தது. செல்போனை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை.

இந்த வருடமும் பேர் கேட்டார்கள். கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் பக்கம் நான் போகவில்லை. பரிசு என்ன என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லி மனைவிக்குத் தெரியும், என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"சொல்லாட்டி மட்டும் பெடல்ல நிக்குமா உன் காலு?" என்று கேட்கிறாள்.

எனக்கும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை.